கயலுக்காக ஜெனி சொன்னது

வியாழன் இரவு.

ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில் கயலை மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பஸ் திருவானைக்காவல் வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போனபோது வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “வருவீங்கன்னு தெரியும் மிஸ்” என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் நான் பெயர் கூப்பிட்டபோது, கயலுக்கும் சேர்த்து “ப்ரசன்ட் மிஸ்” சொன்னது அவள் தோழி ஜெனி. கயல் தினமும் காலையில் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுவாள். அவளுக்காக வகுப்பில் ஜெனிதான் குரல் கொடுப்பாள். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.

“பொய் சொன்ன பொண்ணுக்கு டிசி குடுத்துடலாம். நடந்ததை நாளைக்கு எழுதிக் குடுங்க டீச்சர்” என்றார் தலைமையாசிரியை சிஸ்டர். ஜெனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.