மடியில் புரண்ட டேங்க்

என் வாயாடிக்கு, நான் சுகம். நம் குட்டி உன்னைத் தூங்கவிடுகிறாளா?

இங்கே ஒரு கிழட்டுக் காரின் ஒழுகும் பெட்ரோல் டேங்கைச் சரிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. உள்ளே நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தேன். கொட்டிக் கழுவிக் காயவைத்து, ஓட்டை அடைக்கும் பூச்சை ஊற்றினேன். அது எங்கும் படிய, டேங்கை மடியில் வைத்து அரைமணி நேரம் மெல்லப் புரட்டினேன். மூக்கில் துணி கட்டியிருந்தேன், பயப்படாதே.

என்னையறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். "என்னய்யா, டேங்குக்குத் தாலாட்டா?" என்று மேஸ்திரி கேட்க, பட்டறையே சிரித்தது. நானும்தான். இப்போது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

டேங்க் ஒன்பது கிலோ. நான் இன்னும் தூக்கிப் பார்க்காத நம் குட்டி எத்தனை கிலோ? நிறுத்துப் பார்த்து உடனே எழுது. மேஸ்திரி கூப்பிடுகிறார். அவளைத் தூக்கிப் பழக, அவள் கனத்திலேயே இங்கே ஒரு டேங்க் தேடி வைக்கிறேன்.

உன் அழுக்குச் சட்டைக்காரன்