ஈயம் வைத்துத் தைத்த வெள்ளை அங்கி

ஹாலிவுட்,
1922 மார்ச் 9

கர்த்தருக்குள் அன்பான சகோதரி லுவெல்லா பிக்ஸ்பி அவர்களுக்கு,

ஜனவரி கடைசி ஞாயிறு சாயங்காலம் உங்கள் மகன் ஆர்லோவின் வீட்டு நீச்சல் குளத்தருகே இருந்தவர்கள்: போதகர் டன்லப், அவர் மனைவி, என் வீட்டுக்காரர் ஏமோஸ், நான், ஆர்லோ. வேறு யாரும் இல்லை. பத்திரிகைகள் எழுதுகிற அந்த மர்மப் பெண் வரவே இல்லை.

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆர்லோ வருகிற சபையில் நானும் ஒருத்தி. பைபிளை வைத்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவில் வில்லனாக நடித்து வங்கியைக் கொள்ளையடிக்கிற உங்கள் பிள்ளை எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துத் தருவான். பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். கிழங்கோடயும் சண்டையாடா என்று ஏமோஸ் சீண்டுவார். வில்லன்னா அப்படித்தான் மாமா என்பான்.

ஞானஸ்நானம் வேண்டுமென்று அவனேதான் கேட்டான். ஆலயத்தில் செய்தால் படம் பிடிக்க ஆள் வந்துவிடும் என்று வீட்டுக் குளத்திலேயே இறங்கினான். தண்ணீர் அப்படிச் சில்லிட்டது. அவன் போட்ட கூச்சலும் நாங்கள் பாடிய பாட்டும் அடுத்த வீடுவரை கேட்டிருக்கிறது. மறுநாள் ஒரு நிருபர் வேலி தாண்டி வந்து, கொடியில் காய்ந்த ஞானஸ்நான அங்கியைத் திருடிப் போய்ப் படமெடுத்துப் போட்டுவிட்டார். யாரோ பெண்ணின் இரவு உடையாம். நாங்கள் பருகிய திராட்சைச் சாறு கள்ளச் சாராயமாம். அங்கியின் கீழ் மடிப்பில் இருந்த ஈயத் துண்டுகள் ஏதோ ரகசியக் கூட்டத்தின் அடையாளமாம்.

சகோதரி, நெப்ராஸ்காவில் உங்கள் ஊர் ஆற்றில் எத்தனை பேர் முழுகி எழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கி தண்ணீரில் மேலே எழும்பாமலிருக்க ஈயம் வைத்துத் தைப்போம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அதைத் தைத்தது நான். ஆறடிக்கு மேல் வளர்ந்த உங்கள் பிள்ளைக்கு அளவெடுத்தது. அது பொருந்துகிற பெண்ணை சர்க்கஸில்தான் தேட வேண்டும்.

ஸ்டூடியோ முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும், நாலு கேமராவ வைக்கிறேன், இன்னொரு தடவ முங்கிடுப்பா, ஊரே அழுதுடும் என்றாராம். நான் முங்குனது உங்களுக்காக இல்ல என்று இவன் சொல்லிவிட்டான். ஒப்பந்தம் போய்விட்டது. அதற்காக அவன் புலம்பவில்லை.

பத்திரிகைச் செய்தி வந்த பிறகு அவன் எழுதி, நீங்கள் பிரிக்காமல் திருப்பிய கடிதங்களை மட்டும் மேசைமேல் வைத்திருக்கிறான். 'அனுப்பியவருக்கே' என்று நீங்கள் எழுதியதை நேற்று என்னிடம் காட்டினான். கையெழுத்து நடுங்கவே இல்ல பாருங்க, அம்மா நல்லாத்தான் இருக்காங்க என்று சந்தோஷப்பட்டான். நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பத்திரிகைக்குச் சொல்லக் கூடாதென்று எங்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறான். அம்மாவுக்குச் சொல்லக் கூடாதென்று கேட்கவில்லை.

கர்த்தர் உங்கள் வீட்டையும், வீட்டைவிட்டுத் தூரத்தில் இருப்பவனையும் காப்பாராக. எனக்குப் பதில் வேண்டாம். அவனுக்கு நாலு வரி எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் சகோதரி,
ஹெஸ்டர் கோல்கிட்