இந்திராணி படித்துக் காட்ட வேண்டியது

மறைமலை நகர்,
18.8.1991

அம்மாவுக்கு தேவராஜன் வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். வழக்கம்போல இதையும் உன் மருமகள் இந்திராணிதான் உனக்குப் படித்துக் காட்டுவாள்.

போன வாரம், கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் நிற்கும் உதயசூரியன் என்னைச் சென்னையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். பயப்படாதே, காய்ச்சல்கூட இல்லை. ஆறு வருஷமாக மருந்து குடித்தவள் இந்திராணி, கோயில் மரத்தில் தொட்டில் கட்டியவளும் அவள்தான். என்னைச் சோதிக்க வேண்டுமென்று நம் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இப்போது சோதித்தார்கள். என் விந்தில் உயிரணுக்கள் மிகவும் குறைவாம்.

வெளியே வந்தோம். "இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? அதான் வழி கீதுன்னாரே" என்றான் அவன். அவளுடைய கருமுட்டையையும் என் அணுக்களையும் லேபில் ஒரு கண்ணாடித் தட்டில் சேர்த்து வைப்பார்களாம். கரு உண்டானால் அவள் வயிற்றில் வைப்பார்களாம். பலிக்குமென்று உறுதி சொல்லவில்லை.

டிரங்குப் பெட்டியில் அவளுடைய பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும். அவளிடமே கொடுத்து, அவளை இங்கே அனுப்பி வை. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடு. எனக்குச் சோறு இறங்குவதில்லை. வந்தவாசியில் எனக்காக நீ பார்த்து வைத்திருக்கும் பெண் வீட்டாரிடம் வேண்டாமென்று சொல்லிவிடு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. இந்திராணி, இந்த இடத்தில் நீ நிறுத்திவிடுவாய் என்று தெரியும். நிறுத்தாதே. அடுத்த வரியை அம்மா காதில் விழும்படி சத்தமாகப் படி.

குறை என்கிட்ட இல்ல அத்தை, உங்க புள்ளகிட்டதான்.

தேவராஜன்