கிழக்கு பார்த்த ஒன்பது

என் கடையின் பின்சுவரில் சாய்ந்திருந்த அந்தப் பிளைவுட் பலகையை நேற்று உன் மகள் பார்த்துவிட்டாள். ஓடுதளத்தில் எழுத வேண்டிய ஒன்பதின் வளைவுக்கு அச்சாக நான் வெட்டிக் கொடுத்தேனே, அதே பலகைதான். விளிம்பில் வெள்ளை பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விமானத்துக்கென்று பிறந்த பலகை, இத்தனை காலமும் என் ஸ்கூட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்தது, உனக்குத் தெரிய நியாயமில்லை, அவள் இப்போது விமானம் ஓட்டப் படிக்கிறாள். அடையாள அட்டையை லேமினேஷன் போட வந்தவள், பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, எங்கப்பாவுக்கு நெஜமாவே கெழக்கு மேற்கு தெரியாதா?"

எந்தக் கேள்விக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் நான், அவள் அட்டையை எடுத்து மெஷினுக்குள் விட்டேன்.

காக்களூர் எஸ்டேட்டில் கம்பெனித் தரைகளுக்கு மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருந்த உனக்கு, ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் ஓடுதளத்துக்குக் கோடும் எண்ணும் போடும் வேலை வந்தது. வேலை முடிந்ததும் உன்னை ஒருமுறை மேலே கூட்டிப்போய், நீ எழுதியதை வானத்திலிருந்து காட்டுவதாகத் தலைமைப் பயிற்சியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நீ சொல்லாத டீக்கடை திருவள்ளூரில் இருந்ததா? மாணவர்கள் படிக்கும் புத்தகத்தைக் கூட வாங்கிவிட்டாய்.

"பெயிண்ட் அடிக்கிறவனுக்கு இன்னாத்துக்குடா பைலட்டு புக்கு? சுண்ணாம்பு அடிக்கிறவன் வாஸ்து படிச்சிக்கினா கீறான்?" என்றேன்.

"படிச்சிருந்தா உன் ஊட்டு கக்கூஸு அந்த மூலைல வந்திருக்காது" என்றாய். டீக்கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே உன்மேல் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது. ஊரில் சிரிக்க வைப்பது என் டிபார்ட்மென்ட் இல்லையா?

இரண்டு வடைகளை எதிரெதிரே பறக்கவிட்டுப் பாடம் நடத்துவாய். நேருக்கு நேர் வந்தால் இரண்டு விமானமும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும். இறங்க வருகிறவற்றில் தாழப் பறப்பதற்கு முதல் வழி. ஓடுதளத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தால் மூடியாயிற்று, இறங்காதே. கண்ணை நம்பி ஓட்டுகிறவன் மேகத்துக்குள் போகவே கூடாது. "நீ அடுத்தவன பாக்கணும், அடுத்தவன் கண்ணுக்கு நீ தெரியணும். அவ்ளோதாண்டா சட்டம்" என்று முடித்துவிட்டு, எதிரெதிரே வந்த இரண்டு வடையையும் நீயே தின்பாய்.

எண் எழுதும் நாளன்று, பலகை வெட்டிய உரிமையில் வேடிக்கை பார்க்க வந்தேன். மஞ்சள் பெயிண்ட் குறைகிறதென்று நீ காக்களூருக்கு வண்டியெடுத்தாய். "நான் வர்றவரைக்கும் நம்பர்ல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். உன் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் நாக்கு சும்மா இருக்குமா? ஜீரோ நைன் என்றால் தொண்ணூறு டிகிரி, தொண்ணூறு டிகிரி என்றால் கிழக்கு என்று உன்னிடம் காதில் வாங்கியது போதுமே. "சூரியன் எங்கப்பா மொளைக்குது? அந்தக் கோடில போடு ஒம்போத" என்றேன். கிழக்கு முனையில் ஒன்பதும் மேற்கு முனையில் அதன் எதிர்த்திசை எண்ணான இருபத்தேழும் பளிச்சென்று காய்ந்தன.

திரும்பி வந்த நீ பெயிண்ட் டின்னைக் கீழே வைக்கவில்லை. "இன்னாடா பண்ணி வச்சிக்கிற? கெழக்கு பாத்த ஊடுன்னு சொல்றோமே, அது ஊருக்குக் கெழக்கால கீற ஊடா? வாசப்படி எங்க பாக்குதுன்றதுதானே கணக்கு? மேக்கால கோடில வந்து எறங்குறவன் மூஞ்சி கெழக்க பாக்கும். ஒம்போது அவன் காலடில இருக்கணும்டா."

சொல்லி முடிப்பதற்குள் பயிற்சியாளரின் ஜீப் வந்து நின்றது. "யார் போட்டது?"

நான் தண்ணி லாரிக்குப் பின்னால் இருந்தேன். அவசரமாக ஒதுங்கப் போனவனைப் போல நின்றேன். வராத மூத்திரத்துக்காக அவ்வளவு நேரம் நின்றவன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். டயர் இடுக்கில் உன் செருப்பு தெரிந்தது. உன் குரல் கேட்டது. "என் தப்பு சார்."

அழித்துத் திருத்த இரண்டு நாள் ஆயிற்று. திசை தெரியாதவனை விமானத்தில் ஏற்ற முடியாது என்று அவர் சொன்னதாக உன் ஆட்கள் சொன்னார்கள். நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தையும் நான் உன் கையில் பார்க்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் வெறும் கோழை. ஆயுத பூஜைக்குக் கம்பெனி கம்பெனியாய் என்னைப் பேசக் கூப்பிடுவார்களே, அங்கெல்லாம் 'சூரியனை மேற்கே உதிக்க வைத்த பெயிண்டர்' என்று உன்னை வைத்து ஒரு கதை கட்டினேன். வேப்பம்பட்டில் சிரித்தார்கள், மீஞ்சூரில் நாற்காலியிலிருந்து விழுந்தே சிரித்தார்கள். நீயும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தாய். ஒரே ஒருநாள், என் பின்னால் வண்டியில் வரும்போது சொன்னாய்: "நல்லாதாண்டா சொல்ற. என் பொண்ணு இருக்கறப்போ மட்டும் வேணாம்."

அடுத்த வருடம் அவள் உன் மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். பார்த்தேன். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தது. சொல்லிவிட்டேன்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணி லாரி உட்பட. அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அந்தக் கதைய எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க மாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜை வருகிறது. கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை இதைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பார்களா என்று தெரியவில்லை.

அதுவரை ஸ்கூட்டர் நனையட்டும். பலகையைக் கடை வாசலில், ரோட்டைப் பார்க்க நிறுத்திவிட்டேன். வெறும் வளைவுதானே, வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துக் கேட்கிறார்கள்: "இன்னா அண்ணாத்த இது, ஆறா ஒம்போதா?"

"ஒம்போது" என்கிறேன். "நான் தப்பா போட்டது."