அம்மா வைக்கிற மாதிரி இல்லை

ஜூன் 4

வாலுவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் கடிதத்தில் கிரீஸ் இல்லாமல் இருக்காது.

வாலு சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ போன இந்த இரண்டு மாதத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டாள். பள்ளிக்கூட டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நான் ஏதோ பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறவன் மாதிரி பார்த்தார். ஜூலைக் கடைசியில் மறுபடி எடை பார்ப்பார்களாம்.

அவளுக்குப் பிடிக்குமே என்று பாஸ்தாதான் செய்கிறேன். நீ வாங்குகிற அதே கடை, அதே சிவப்பு மூடி போட்ட பாட்டில் சாஸ். பாஸ்தாவை வேகவைத்து, தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சாஸை ஊற்றிக் கிளறுகிறேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா வைக்கிற மாதிரி இல்லப்பா" என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

அதே பாட்டில்தானே? நீ அதை என்ன செய்வாய்? ஒன்பது வருடம் தின்றிருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

வாலுவின் அப்பா

ஜூன் 11

வாலுவின் அப்பாவுக்கு,

இரண்டு கிலோ என்று படித்த கையோடு கண்ணாடிக் கடை வேலைக்குப் போய், ஒரு பெரியவருக்குக் கண்ணாடி பவரைத் தப்பாகக் குறித்துவிட்டேன். நல்லவேளை, முதலாளி பார்ப்பதற்குள் திருத்திவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலையில் எடை ஏறவில்லை என்றால் அவளை இங்கே அழைத்து வந்துவிடுவேன். இந்த அறையில் மூன்று பெண்கள் இருக்கிறோம், நாலாவதாக அவளும் படுத்துக்கொள்ளட்டும். மிரட்டவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பாட்டிலை அப்படியே கவிழ்த்தால் புளிக்கத்தான் செய்யும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் சிறு தீயில் இருபது நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது, குழைய வேண்டும். பிறகு நாலு பல் பூண்டு. அதற்குப் பிறகுதான் சாஸ். புளிப்பு அடங்க ஒரு சிட்டிகை சர்க்கரை. மூடாமல் கொதிக்க விடுங்கள்.

அவசரப்படாதீர்கள்.

வாலுவின் அம்மா

ஜூன் 17

வாலுவின் அம்மாவுக்கு,

அவசரப்பட்டேன்.

சிறு தீயில் இருபது நிமிடம் என்றால் பெரிய தீயில் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், வெங்காயம்தான் கரியாகிவிட்டது. வீடெல்லாம் புகை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "என்ன சார், ஃபயர் சர்வீசக் கூப்பிடவா?" என்று கேட்டார். அடுப்பு சரியில்லை என்று எழுத நினைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பாய். அதனால் எழுதவில்லை.

மறுநாள் முழுதாக இருபது நிமிடம் நின்றேன். வேலையிடத்திலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. நான் போனை எடுக்காமல் விட்டேன் என்றால் நீ நம்ப மாட்டாய்.

அதற்கும் வாலு சொன்னது, "இல்லப்பா." இன்னும் என்ன இருக்கிறது, சொல்லு.

வாலுவின் அப்பா

ஜூன் 24

வாலுவின் அப்பாவுக்கு,

பெரிய தீயில் பத்து நிமிடமா? உங்கள் லிஃப்டை ஒரு நாள் இரண்டு மடங்கு வேகத்தில் இறக்கிப் பாருங்கள், உள்ளே இருக்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். யாருடைய கடிதம் என்று அறையில் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், ஊரிலிருந்து வந்தது என்றேன்.

ஒரு ரகசியம். வெங்காயத்தோடு பாதி கேரட்டைத் துருவிப் போடுவேன். வாலுவுக்குக் கேரட் பிடிக்காது என்பதால் அவள் வருவதற்கு முன்பே தோலைக் குப்பையில் புதைத்துவிடுவேன். கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு ஒரு துண்டு வெண்ணெய். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், என் மானம் போய்விடும்.

எடை ஏறியதா? அதை முதல் வரியில் எழுதுங்கள்.

வாலுவின் அம்மா

ஜூலை 3

வாலுவின் அம்மாவுக்கு,

ஏறவில்லை. மருந்துக்கடை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன், அரை கிலோ இன்னும் குறைந்திருக்கிறது.

கேரட் போட்டேன், வெண்ணெய் போட்டேன். கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது உன் சாஸ். நீ உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். வாலு ஒரு வாய் தின்றாள், என்னைப் பார்த்தாள், "இல்லப்பா, அம்மாகிட்டக் கேளு" என்றாள்.

என்னால் முடியவில்லை. எதையாவது விட்டுவிட்டாயா? யோசித்து எழுது. அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடாதே.

வாலுவின் அப்பா

ஜூலை 10

வாலுவின் அப்பாவுக்கு,

யோசித்தேன். உப்பைக் கடைசியில் போட்டுப் பாருங்கள். நான் இருபத்தெட்டாம் தேதிக்கு லீவு கேட்டிருக்கிறேன். அவள் துணிகளை எடுத்து வையுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வாலுவின் அம்மா

ஜூலை 18

வாலுவின் அம்மாவுக்கு,

எடுத்து வைக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

நேற்று சாயங்காலமும் "இல்லப்பா" என்று தட்டைத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து, அடுத்த தெருவில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கீழே போன பிறகுதான் கருவிப்பை ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தால், வாலு ஸ்டூல் போட்டு ஏறி நின்று, வாணலியை வழித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். வாயோரமெல்லாம் சாஸ்.

"நல்லாருக்காடா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் அழுதுவிட்டாள். "நல்லாருக்குன்னு சொன்னா, நீ அம்மாவுக்கு லெட்டர் எழுத மாட்டியேப்பா."

ஏழு வயதுக்காரி வயிற்றைக் காயப்போட்டு நம் இரண்டு பேரையும் பேச வைத்திருக்கிறாள். நடுவில் நின்றுபோன லிஃப்டை, மேலே இருக்கிற சக்கரத்தைக் கையால் சுற்றிக் கீழே இறக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாஸ் சரியாக வந்துவிட்டது. உனக்கு எழுத இனி காரணம் இல்லை. காரணம் இல்லாமல் எழுதலாமா? நீ வீட்டுக்கே வந்துவிடுவாயா என்று வாலு கேட்கச் சொன்னாள். இல்லை, அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

வாலுவின் அப்பா

ஜூலை 25

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்திருக்கக் கூடாது.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாஸ்தா வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டுகிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அதைக் கொட்டக் கூடாது. ஒரு கரண்டி எடுத்து சாஸில் விட்டால்தான் இரண்டும் சேரும். அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுதவில்லை. ஒன்றை மிச்சம் வைத்தால் மறுபடி கேட்பீர்கள் என்று வைத்துக்கொண்டேன். வாலு செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், அவளுக்கு வயது ஏழு, எனக்கு முப்பத்தைந்து. குழந்தை அங்கே பசியோடு இருந்திருக்கிறாள். நானெல்லாம் ஒரு தாயா?

நான் வர மாட்டேன். கோபமில்லை. ஒன்பது வருடம் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். இந்த இரண்டு மாதம்தான் நான் சொன்னதை நின்று கேட்டீர்கள். அது தெரிந்தும் வர முடியவில்லை. அந்த வாசலை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது, என்ன செய்ய?

லீவை ரத்து செய்துவிட்டேன். வாலு உங்களிடமே இருக்கட்டும், இனி எடை ஏறும். வாராவாரம் அவளுக்குக் கடிதம் எழுதுவேன், அவள் சாப்பிட்டாலும் எழுதுவேன், சாப்பிடாவிட்டாலும் எழுதுவேன். அதை அவளிடம் தட்டு வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். ஒரு கரண்டி போதும்.

வாலுவின் அம்மா