அம்மா சொன்ன கன்ஃபார்ம்

செங்கல்பட்டு
17.10.1999

அன்புள்ள திவ்யாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை தமிழ்வாணனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி நினைப்பு. முதலில் புதிய செய்தி. அம்மாவின் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை நேற்று முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொன்னவர் விசாரணைக்கு வந்த ஏட்டு வாசுதேவனேதான். நம் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதி, அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். நானும் பக்கத்தில் இருந்தேன். அதனால் இதைக் கன்ஃபார்ம் என்றே நீ எடுத்துக்கொள்ளலாம்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்ததை இரண்டு மூன்று தடவை படித்தேன். அம்மா போனில் மழை பெய்ததா, என்ன சமைத்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுகிறாள், வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, என் மேல் கோபமா, பிரசவத்துக்கு வரமாட்டாளா என்று எழுதியிருந்தாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. போன வருஷம் உண்டாகியிருப்பதாக நீ சொன்ன அன்றைக்கே அவள் எதிர்வீட்டு சகுந்தலாவில் தொடங்கிக் கருங்குழி சொந்தக்காரர்கள் வரை எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பிறகு அது நிலைக்காமல் போனதும், மாசம் எத்தனை ஆச்சு என்று வழியில் நிறுத்திக் கேட்ட ஒவ்வொருவருக்கும் இல்லை இல்லை என்று அவளேதான் பதில் சொன்னாள். மார்க்கெட்டுக்குப் போவதையே கொஞ்ச நாள் விட்டிருந்தாள், உனக்கு எழுத வேண்டாம் என்றாள், நானும் எழுதவில்லை. தன் வாய்தான் முந்திக்கொண்டது என்று அவளுக்குள் ஒரு எண்ணம். நான் சொல்லிக் கரைகிற எண்ணமாக அது இல்லை.

அதனால்தான் ஆடியில் உன் கடிதம் வந்து, டாக்டர் கன்ஃபார்ம் பண்ணிவிட்டார் என்று நான் படித்துக் காட்டியபோது அவள் சந்தோஷமும் படவில்லை, அழவும் இல்லை. முறத்தில் இருந்த முருங்கைக்கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு, கன்ஃபார்ம்னா இன்னா அர்த்தம், உங்க பேப்பர் ஆபீஸ்ல போன்ல அதையேதானே கேப்பாங்க என்றாள். நிருபராக நான் செய்தி எடுக்கப் போன மாமல்லபுரத்துக் கதையைச் சொன்னேன். டூர் பஸ்ஸில் வந்த பையன் ஒருவனைக் கடற்கரைக் கோயில் பக்கம் அலை இழுத்துப் போய்விட்டது, சங்கு விற்கிறவர், பஸ் டிரைவர், கூட வந்தவர்கள் எல்லோரும் ஆள் போயிட்டான், கன்ஃபார்ம் என்று அடித்துச் சொன்னார்கள். யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் காணவில்லை என்று மட்டும் செய்தி கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் பையன் வடக்கே ஒரு குப்பத்தில் வலைக்காரர்கள் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் சொன்னது பயம், அது கன்ஃபார்ம் ஆகாது. நம் ஆசையும் ஆகாது. ரயில் டிக்கெட்டுக்குக் கன்ஃபார்ம் என்று சொல்கிறார்கள், மாற்றல் உத்தரவுக்குச் சொல்கிறார்கள், கல்யாணத்துக்குச் சொல்கிறார்கள், எல்லாம் நாளைக்கு நடக்கப்போவதற்கு உத்தரவாதம் மாதிரி. எங்கள் வேலையில் அந்தச் சொல்லுக்கு நாளை கிடையாது. பார்த்து, கேட்டு, இன்றைக்கு இருப்பதை இருக்கிறது என்று சொல்வது, அவ்வளவுதான் என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்து, “அப்ப பொறக்கும்னு அந்த டாக்டர் சொல்லல” என்றாள். இல்லை, இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார் என்றேன். “கீதுன்னு சொல்றாரு. அது போதும்” என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய்வருகிறாள், எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட, போடறேன், போவேன்னு சொல்லல என்று எனக்கு எச்சரிக்கை கொடுத்தாள். போன மாதம் நாரத்தங்காயைச் சுருள் சுருளாக அறுத்து உப்பில் ஊறவைத்ததைப் பார்த்துவிட்டு சகுந்தலா, இன்னாக்கா, பொண்ணு முழுகாம கீதா என்று பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் வாய் கசக்குது, உனுக்கும் ரெண்டு தரேன், வாயை மூடிக்கினு போ என்று அம்மா அனுப்பிவிட்டாள். அந்த ஜாடி இன்னும் அப்படியே இருக்கிறது, அவள் ஒரு துண்டு எடுத்து நான் பார்க்கவில்லை.

நேற்று ஏட்டு பெயர், வயது, எத்தனை வருஷமாக இந்த வீட்டில் என்றெல்லாம் கேட்டு எழுதிவிட்டு, இந்த வயசுல எதுக்கும்மா கனடா என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, “என் பொண்ணு முழுகாம கீறா. அஞ்சாவது மாசம். பிரசவத்துக்குப் போறேன்” என்றாள். குரல் வாசல் வரை கேட்டிருக்கும். ஏட்டு பேனாவை நிறுத்தி, போறது கன்ஃபார்ம்தானேம்மா, பாஸ்போர்ட்டை வாங்கிப் பொட்டில பூட்டி வெக்கிறவங்களும் கீறாங்க என்று சிரித்தார். “கன்ஃபார்ம்” என்றாள் அம்மா. காபி கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, என் பழைய வேட்டிகளில் மெத்தென்று இருந்ததையெல்லாம் எடுத்து, சதுரம் சதுரமாகக் கிழித்துத் துவைத்து மாடியில் உலர்த்தினாள். நல்லதும் இரண்டு போய்விட்டது, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை விடாதே. பனியில் செருப்போடு நடக்காதே, வழுக்கும். ஸ்கேன் எடுத்த பிறகு என்ன பிள்ளை என்று கேட்டு எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளையிடம் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை நினைவுபடுத்து. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து அடுத்த ஞாயிறு நீ போன் செய்யும்போது ரிசீவரை நான் எடுக்கப் போவதில்லை. அவளே எடுப்பாள், நீ முதலில் பேசாதே, அவள் கேட்கட்டும்.

எங்கள் ஆசி உங்கள் மூன்று பேருக்கும். பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை, கார்த்திகை பிறப்பதற்குள் தபாலில் வரும் என்று ஏட்டு சொல்லியிருக்கிறார். விசா அதற்குப் பிறகு. வர வேண்டிய இன்னொருவர் மாசியில் என்று நீ எழுதியிருக்கிறாய், அதைக் கன்ஃபார்ம் செய்து எனக்குச் செய்தி அனுப்ப அம்மா அங்கே இருப்பாள்.

அன்புடன்
அப்பா
தர்மராஜ்