பிரீசரில் பதினோரு பேர்

வினிபெக்,
1986 பிப்ரவரி 3, திங்கள்.

அன்புத் தங்கை டார்க்காவுக்கு,

மகிமையெல்லாம் கர்த்தருக்கு. இனி வருகிற அவமானமெல்லாம் எனக்கு.

மலங்கா புத்தாண்டுக் கூத்துக்கு மறுநாள், தலை இன்னும் கழுத்தில் சரியாக உட்காராத நேரத்தில், நம் மன்றத்து மேசையில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டே நம் அப்பாவைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். அது அப்பா என்று தெரியாது. தெரிந்திருந்தால் விசிலாவது அடிக்காமல் இருந்திருப்பேன்.

மன்றத்தின் எழுபதாம் ஆண்டு விருந்துக்குச் சுவரில் பழைய படங்களை மாட்ட வேண்டும், பிறகு அவற்றை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். வேலை வெட்டி இல்லாதவன் என்று பெயர் எடுத்திருப்பதால் பெட்டி என் தலையில் விழுந்தது. கல்யாணங்கள், பாடகர் குழு, டிரம்பெட் வாசிக்கும் இரண்டு பாதிரிமார். நடுவில் பதினோரு சவப்பெட்டிப் படங்கள். கோயில் படியில் பெட்டியைத் திறந்து வைத்து, எல்லோரும் சுற்றி நின்று எடுத்து, கடல் தாண்டிப் பழைய ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்புவார்களே, அவை. பதினொன்றிலும் ஒரு பெண் வலது கையைப் பெட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

தலைவர் ஸ்லாவ்கோ பார்த்துவிட்டு, "மனுஷன் கோழிக்காலைக் கடிக்கறப்ப எதிர்ல பொணம் படுத்திருந்தா உள்ள இறங்குமாய்யா? கீழ்ப்பாதிய வெட்டிடு, மேல நிக்கறவங்க நல்லா உடுத்தியிருக்காங்க" என்றார். வெட்டினேன். கீழ்ப்பாதிகளைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனேன்.

அந்த வாரம் சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. கண் அறுவை பதிமூன்றாம் தேதி, அதற்குப் பிறகு பார்வை மிஞ்சுமோ மிஞ்சாதோ, அப்பா படம் ஒன்று மன்றத்துப் பெட்டியில் இருக்கிறது என்று அம்மா கடைசி நாளில் சொன்னாள், கண் இருக்கும்போதே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மா உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள் பார். என் கையில் கத்தரிக்கோல் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓடிப் போய் மேல்பாதிகளைப் புரட்டினேன். ஒன்றில் அம்மா. இடது கையில் இரண்டு வயதுப் பயல், குடத்துக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்த மாதிரி காதுகள். அந்தக் காதை ஆண்டவர் இந்த ஊரில் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் கோட்டின் பொத்தான் வயிற்றில் பூட்டவில்லை, அது நீ. கத்தரி அவள் வலது கை வழியாகவே போயிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே தங்கிவிட்டன. மற்ற மூன்றும் அப்பாவோடு போய்விட்டன. எந்தத் துண்டில் அந்த மூன்று விரல் இருக்கிறதோ, அதில் படுத்திருப்பவர்தான் அப்பா.

சமையலறை மேடையில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைதோறும் வரெனிகிக் கொழுக்கட்டை பிடிக்கிற பெண்களின் தளபதி பராஸ்காவைக் கேட்டேன். "அதுவா? அட்டை நல்லா கெட்டியா இருந்துச்சுடா. பின்னாடி உருளைக்கிழங்கு ரெண்டு டஜன், முட்டைக்கோஸ் ஒரு டஜன்னு எழுதி, உறைய வெச்ச பைக்கு ஒண்ணாப் போட்டு வித்துட்டேன். முன்பக்கம் யாரு பார்த்தா? கண்ணாடி போடலைன்னா எனக்கு உன்னையும்கூட பொணம் மாதிரிதான் தெரியும்" என்றாள்.

ஆக, பதினோரு பேரும் வடக்குப் பகுதி முழுக்க ஆளுக்கொரு பிரீசரில் படுத்துவிட்டார்கள். மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிரில் கதவு கதவாகத் தட்டி, "உங்க பிரீசர்ல எங்கப்பா இருக்காரா?" என்று கேட்டேன். யுர்கிவ் வீட்டுக்காரர், "எங்க பிரீசர்ல ஏற்கெனவே ஒரு மான் படுத்திருக்குப்பா, உங்கப்பாவுக்கு எடமில்ல" என்றார். ஆனால் மானைத் தூக்கிப் பார்த்தார், நல்ல மனுஷன். இன்னொரு வீட்டில் பை பிரித்த அம்மாள், அதில் படுத்திருப்பது முன்பின் தெரியாத யாரோ கிழவி என்று தெரிந்தும் அட்டைக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். இரண்டு வாரத்தில் பத்துப் பேர் கிடைத்தார்கள். பெட்டி விளிம்பில் சிலருக்கு நான்கு விரல், சிலருக்கு ஐந்து; ஒருவர் பக்கத்திலும் அந்த மூன்று விரல் இல்லை.

பதினோராவது பை திருமதி ஸ்தாஹிவ் வீட்டுக்குப் போயிருந்தது. "ஐயோ மைரோன், அட்டையும் வரெனிகியோட கொதிக்கிற தண்ணியில விழுந்துடுச்சு, குப்பையில போட்டேன். வண்டி வெள்ளிக்கிழமையே வந்துட்டுப் போயிடுச்சே" என்றாள்.

குப்பை மேட்டுக்குப் போனேன். பனிக்கு அடியில் குப்பை, குப்பைக்கு அடியில் பனி. காவல்காரன் என்ன தேடுகிறாய் என்று கேட்டான். எங்கப்பாவை என்றேன். அவன் என்னைத் தன் வண்டிக்குள் உட்கார வைத்து காபி கொடுத்தான். மறுநாளும் போனேன். அன்று விரல்கள் குளிரில் விறைத்து மடங்கவில்லை; அவன்தான் கோப்பையைப் பிடித்தான். டார்க்கா, இந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சரி, விடு. கிடைத்துவிட்டார். எங்கே என்று கேட்காதே. இரண்டு பாதியையும் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். தபால் ஐந்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள். மீசை எடுப்பான மீசை. மூக்கு அப்படியே உன் மூக்கு. காது மட்டும் என் காது இல்லை. என் காது அம்மா வழி போலிருக்கிறது.

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் வைத்துப் பார். முகத்தை மட்டும் பார், வேண்டிய மட்டும் பார். ஒட்டின இடத்தை விரலால் தடவாதே. அப்பாவும் அம்மாவும் உன் கண்ணுக்குக் காவல் இருக்கட்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது இந்த முகத்தை நினைத்துக்கொள்.

உன் உதவாக்கரை அண்ணன்,
மைரோன்

பின்குறிப்பு: படத்தில் அம்மாவின் வலது கையில் ஆறு விரல் இருக்கிறது.